பூட்டில்லாத போன்: புதுச்சேரியில் அன்றும் இன்றும்

1990-களில் புதுச்சேரி நேரு வீதியில் மற்ற கடைகள் அடைத்த பிறகும் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளில் விளக்கு எரியும். இரவில் கட்டணம் குறையும் என்பதால் அந்த நேரம் பார்த்து வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். பிரான்சுக்குப் பேச வந்தவர்களும் அதில் இருப்பார்கள். இங்கே இரவு பத்து மணி என்றால் பாரிஸில் மாலை நேரம். மகனோ மருமகளோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரில் ஒரு கண் வைத்துக்கொண்டே பேச வேண்டும். சொல்ல வந்ததில் பாதி சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த பணத்துக்கு மீட்டர் வந்துவிடும்.

வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்றால் விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தெருவுக்கு ஒரு வீட்டில் போன் இருந்தால் அதுவே தெருவுக்கெல்லாம் போன். கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்ணை அச்சிட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று போடுவார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அக்கா, உங்களுக்குப் போன் வந்திருக்கு" என்று கூப்பிடும். சொந்தமாகப் போன் இல்லாததால் யாருக்கும் மானக்குறைவு இல்லை. அது இல்லாமல் வங்கிக்கணக்கு முடங்கவில்லை, அரசுப் பணம் வராமல் போகவில்லை.

இன்று புதுச்சேரியில் கையில் போன் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கம்மி விலையில் ஒரு போன் வாங்கி, கம்மிக் கட்டணத்தில் ஒரு சிம் போட்டு, பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் இருக்கிறதா என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்ல முடியும். இந்த முப்பது ஆண்டுகளில் போனின் விலை இறங்கியிருக்கிறது. போனில் போடும் பூட்டு மட்டும் வடிவம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது.

நான்கு ஊர், மூன்று வட்டம்

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது வெளியே பேச நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. சென்னை நீங்கலான தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே தொலைத்தொடர்பு வட்டமாக இருந்தன. அந்த வட்டத்தில் பி.பி.எல்., ஏர்செல் என்ற இரண்டு தனியார் நிறுவனங்கள்தான் முதலில் கடை விரித்தன. அன்று கைப்பேசி வைத்திருந்தவர்கள் மொத்த வியாபாரிகளும் டாக்டர்களும் ஒப்பந்தக்காரர்களும்தான். இடுப்பு பெல்ட்டில் தோல் உறைக்குள் தொங்கும் அந்தச் செட்டுக்குத் தனி மரியாதை இருந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற நான்கு பகுதிகள் சேர்ந்ததுதான் இந்த ஒன்றியப் பிரதேசம். ஆட்சி ஒன்று என்றாலும் தொலைத்தொடர்பில் அது மூன்று துண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டத்தில், மாஹே கேரள வட்டத்தில், ஏனாம் ஆந்திர வட்டத்தில். புதுச்சேரி அரசு ஊழியர் ஒருவரை ஏனாமுக்கு மாற்றினால், அவர் பணிபுரிவது அதே அரசில்தான். அவருடைய போனோ அங்கே போய் இறங்கியதும் வெளியூர்ப் போன் ஆகிவிடும். வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டால் எடுப்பதற்கும் ரோமிங் கட்டணம். எண்ணை மாற்றாமல் வேறு வட்டத்து நிறுவனத்துக்குப் போகலாம் என்ற உரிமை 2015 ஜூலையில்தான் நாடு முழுக்க வந்தது. ரோமிங் கட்டணமே ஒழிந்தது அதற்கும் பிறகு.

செட் வேறு, சிம் வேறு

2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கைப்பேசிச் சேவையில் இறங்கியது. அரசு நிறுவனம், கட்டணம் குறைவு என்றதும் சிம் வாங்க விண்ணப்பம் கொடுத்துவிட்டு மக்கள் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு உள்வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. கைப்பேசி சாதாரணக் குடும்பங்களுக்குள் காலடி வைத்தது அப்போதுதான். ரீசார்ஜ் முடிந்தாலும் அழைப்பு வரும் என்ற நம்பிக்கையில் மீன் விற்கும் அம்மாவும் வாங்கினார், ஆலைத் தொழிலாளியும் வாங்கினார்.

அதே 2003-ல் நோக்கியா 1100 வந்தது. டார்ச் விளக்கு, தூசி புகாத விசைப்பலகை, சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற செட் அது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அங்கே செய்யும் போன் இங்கே ஒவ்வொரு தெருவிலும் ஒலித்தது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது வேறொரு சோகக் கதை.

பூட்டில்லாத அந்தக் காலத்தின் அருமையை இன்று நின்று பார்த்தால்தான் தெரிகிறது. செட்டை ஒரு கடையில் வாங்கலாம். சிம்மை வேறு கடையில் வாங்கலாம். பி.பி.எல். சிம்மைக் கழற்றி ஏர்செல்லைப் போடலாம், அதையும் கழற்றி பி.எஸ்.என்.எல். போடலாம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கைமாறி வந்த பழைய செட்டானாலும் சிம்மைச் செருகினால் டவர் வந்துவிடும். மேற்கத்திய நாடுகளில் போனை நிறுவனமே பாதி விலைக்குக் கொடுத்து, வேறு சிம் ஏறாதபடி பூட்டி, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது வழக்கமாக இருந்தது. இங்கே முழு விலையும் கொடுத்து வாங்கினோம், அதனால் அது முழுக்க நம்முடையதாக இருந்தது. அந்தப் பழக்கம் ஏழை வாடிக்கையாளருக்குப் பெரிய பலமாக அமைந்தது.

501 ரூபாயில் வந்த முதல் பூட்டு

2003 ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசி தந்தது. மீதியை மாதாமாதம் கட்டும் ஒப்பந்தம். ஆயிரங்களில் விலை சொல்லிக்கொண்டிருந்த கடைவீதியில் அந்த விளம்பரம் இடிபோல இறங்கியது. கடன் வாங்காமல், நகை வைக்காமல் போன் வாங்கியவர்களுக்கு அது உண்மையான உதவி. ஆட்டோ ஓட்டுநருக்குச் சவாரி வந்தது. கொத்தனாருக்கு வேலைக்கு ஆள் அனுப்பினார்கள். இதை மறுக்கக் கூடாது.

ஆனால் அந்தப் போன் சி.டி.எம்.ஏ. என்ற வேறு தொழில்நுட்பத்தில் இயங்கியது. தொடக்க காலச் செட்டுகளில் சிம் என்பதே கிடையாது. எண்ணைச் செட்டுக்குள்ளேயே ஏற்றிவிடுவார்கள். டாடா இண்டிகாம் செட்டுகளும் இதே தொழில்நுட்பம்தான். நிறுவனத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் எண்ணும் போச்சு, செட்டும் போச்சு. விற்கப் போனாலும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது. அப்போதும் சி.டி.எம்.ஏ. செட் வைத்திருந்தவர் எண்ணைத்தான் எடுத்துச் செல்ல முடிந்தது. செட்டை மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. ஒரு மாதக் கட்டணத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டாயிரம் ரூபாய் செலவழிக்க யாரால் முடியும்? அதனால் அங்கேயே இருந்தார்கள். 2017 இறுதியில் அந்த ரிலையன்ஸ் நிறுவனம் கைப்பேசிக் குரல் சேவையையே நிறுத்தியபோது எஞ்சியிருந்தவர்களும் வெளியே வர வேண்டியதாயிற்று.

பாரிஸிலிருந்து வந்த பூட்டு

புதுச்சேரிக்கு வந்த இன்னொரு பூட்டு, தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் அதிகம் பார்க்காதது. இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் பணிசெய்து ஓய்வூதியம் பெறும் சொல்தாக்களின் வீடுகள் உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெட்டியில் வாசனைத் திரவியத்தோடும் சாக்லேட்டோடும் போனையும் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளூர் சிம்மைப் போட்டால் சங்கேத எண் கேட்டு நின்றுவிடும். ஒராஞ்ச், எஸ்.எஃப்.ஆர்., புய்க் போன்ற பிரெஞ்சுக் கைப்பேசி நிறுவனம் ஒன்று அங்கே மானிய விலையில் விற்றுத் தன் சிம்முக்கு மட்டும் பூட்டிய செட் அது.

அந்தப் பூட்டைத் திறப்பதை நம்பியே செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஒரு தொழில் வளர்ந்தது. கணினியில் செட்டை மாட்டி மென்பொருளை மாற்றுவார்கள். மாடலுக்கு ஏற்ப எண்ணை வாங்கித் தருவார்கள். "லாக் எடுத்துத் தரேன்ண்ணே, சாயங்காலம் வாங்க" என்பார்கள். சில செட் திறக்கும். சில செட் திறக்கிறேன் என்று தொட்டதிலேயே செத்துப்போகும். ஐபோன் என்றால் சிம்முக்கு அடியில் மெல்லிய சில்லு ஒன்றை வைத்து ஏமாற்றி ஓடவிடுவார்கள். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அது நின்றுபோகும்.

பிரான்சிலேயே இந்த நிலையை உலுக்கியது 2012 ஜனவரி 10. ஃப்ரீ என்ற நிறுவனம் அன்று கைப்பேசிச் சந்தையில் நுழைந்தது. மாதம் 2 யூரோவுக்கு ஒரு சிறு திட்டம், 19.99 யூரோவுக்கு அளவில்லாத அழைப்பு, எதற்கும் ஒப்பந்தக் காலம் கிடையாது. போன் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. செட்டுக்கான பணம் வேறு, சேவைக்கான பணம் வேறு என்று பிரித்துக் காட்டியதும், இரண்டையும் கலந்து விற்றபோது எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது பிரெஞ்சு மக்களுக்குத் தெரிந்தது. மற்ற நிறுவனங்களும் கட்டணத்தை இறக்க வேண்டியதாயிற்று. பாரிஸில் இருந்த புதுச்சேரிப் பிள்ளைகளும் பூட்டில்லாத போனைத் தேடத் தொடங்கினார்கள்.

ஒரே செட்டில் இரண்டு சிம்

இங்கே 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தது. அதுவரை ஒரு நிமிடம் ஒரு நொடி பேசினாலும் இரண்டு நிமிடக் காசு போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களும் நொடிக் கணக்குக்கு வந்தார்கள். அதே காலத்தில் சைனா செட்டுகளும் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா போன்ற இந்தியப் பெயர்களும் இரண்டு சிம் போடும் வசதியோடு வந்தன. ஊருக்குள் பேச ஒரு சிம், வெளியூருக்கு ஒரு சிம். எதில் இந்த மாதம் ஆஃபர் இருக்கிறதோ அதில் ரீசார்ஜ். வாடிக்கையாளரின் கை ஓங்கி இருந்த காலம் அதுதான்.

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அக்கம்பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் மின்னணுப் பொருள் வாங்க வருவார்கள். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தால் பஸ் காசு போகவும் மிச்சம் இருக்கும். 2017 ஜூலை 1-ல் அந்த வித்தியாசம் முடிந்தது. கைப்பேசிக்கு நாடெங்கும் 12 சதவீதம் ஒரே வரி. 2020 ஏப்ரல் முதல் அது 18 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் அடக்கவிலை உள்ள போனில் 1,800 ரூபாய் வரி. பட்டன் போனுக்கும் அதே விகிதம்தான். ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அத்தியாவசியமாகிவிட்ட பொருளுக்கு இவ்வளவு வரி போடுவது நியாயம் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு சிம் பொற்காலத்தின் முடிவைத் தமிழ்நாட்டு வட்டம் 2018 பிப்ரவரியில் கண்டது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஏர்செல் திடீரென்று படுத்துவிட்டது. டவர் இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் 1900 என்ற எண்ணுக்கு அந்தப் போனிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். டவரே இல்லாமல் எப்படி அனுப்புவது? அலுவலகங்களின் முன்னால் கூட்டம் திரண்டது. வங்கியிலும் ஆதாரிலும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்படி நெருக்கடி வந்தபோதும் எண் கைக்கு வந்ததும் வேறு சிம்மைப் போட்டு அதே செட்டில் பேச முடிந்தது. செட்டில் பூட்டு இல்லாததால்தான் அந்த அடியை மக்கள் தாங்கினார்கள்.

இலவசத்துக்குப் பின்னால்

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. அதற்கு முன் ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில் இலவசம். பிரான்சுக்கு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் பார்த்துப் பேசிய தலைமுறை வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசியது. இந்த மாற்றம் பெரியது, நல்லது.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஜியோவில் 2ஜியும் 3ஜியும் கிடையாது. குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போகும். வோல்டி என்ற அந்த வசதி இல்லாத செட்டில் அது நேரடியாகப் பேசாது. ஆகவே பழைய பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்காக 2017-ல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் வைப்புத்தொகை. மூன்று ஆண்டு கழித்துத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. அந்தப் போனில் ஜியோ சிம் மட்டும்தான் ஏறும். 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனும் அப்படியே. 501 ரூபாய்ப் போன் வந்து இருபது ஆண்டு கழித்து அதே பேரம் மறுபடி வந்தது: செட் மலிவு, போகும் வழி அடைப்பு.

குறைந்த விலையில் 4ஜி தந்தது அந்தப் போன்களின் நன்மை. ஆனால் விலை உயரும் நாளில் அந்தப் போன் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அப்போது அவசரம் இருக்கவில்லை. அந்த நாள் 2024 ஜூலையில் வந்தது.

மறுபடியும் பி.எஸ்.என்.எல்.

2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 179-லிருந்து 199-க்குப் போனது. இருபத்தெட்டு நாள் கணக்கில் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 199 ரூபாய் என்றாலும் ஒரு போனுக்கு ஆண்டுக்கு 2,587 ரூபாய். நான்கு போன் உள்ள வீட்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

மக்கள் பி.எஸ்.என்.எல்.லைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஜூலையில் மட்டும் நாடு முழுக்க ஏறத்தாழ 29 லட்சம் வாடிக்கையாளர் அதில் கூடினார்கள். பின்னர் அந்த நிறுவனம் 1,198 ரூபாய்க்கு ஓராண்டுத் திட்டம் கொண்டுவந்தது: மாதம் 300 நிமிடப் பேச்சு, 3 ஜி.பி. டேட்டா. நாளுக்கு மூன்று ரூபாய் இருபத்தெட்டு பைசா. 2025 ஆகஸ்டில் புதிய வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்க்கு ஒரு மாதச் சேவை தந்தது. ஆனால் 4ஜி டவர்கள் முழுதாக வராததால் வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. 2024 நவம்பரிலேயே எண்ணிக்கை மறுபடி சரிந்தது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த பி.எஸ்.என்.எல். 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27-ல் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் முறைப்படி தொடங்கிவைத்தார். 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள் அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் தாமதமாக வந்தாலும், வந்தே ஆக வேண்டிய ஒன்று.

இப்போது செல்போன் கடைகளில் கேட்கும் பேச்சு இது.

"தம்பி, இந்தச் செட்டுல பி.எஸ்.என்.எல். சிம்மு ஓடுமா?"

"ஓடும்க்கா. 4ஜி எடுக்குமான்னு மாடல் பாத்துதான் சொல்லணும். ஜியோ போன்னா ஏறவே ஏறாது."

"அப்ப புதுசு வாங்கணுமா?"

"பேச மட்டும்னா பட்டன் போன் போதும்க்கா. பாப்பா படிக்க வேணும்னா டச் போனாதான் பாக்கணும்."

அந்தப் பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். 4ஜி முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. செட்டின் விவரக்குறிப்பில் இவை பேண்ட் 28, பேண்ட் 1 என்று இருக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் நன்றாக வரும். பேண்ட் 28 இல்லாத செட்டில் தெருவில் 4ஜி காட்டிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் இழந்துவிட வாய்ப்பு உண்டு. 'டவர் சரியில்லை' என்று நிறுவனத்தைத் திட்டுகிறோம். குறை சில நேரம் நம் கையிலிருக்கும் செட்டில் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். வோல்டி சில மாடல்களில் மென்பொருள் புதுப்பித்த பிறகே வேலை செய்யும். அதுவரை டேட்டா 4ஜியில் ஓடினாலும் அழைப்பு பழைய தொழில்நுட்பத்துக்கு இறங்கிவிடும்.

பாரிஸிலிருந்து வரும் போனின் கதையும் இதில் திரும்பியிருக்கிறது. பிரான்சில் 700 மெகாஹெர்ட்ஸை 2015-லேயே ஏலம் விட்டார்கள். ஐரோப்பாவுக்காகச் செய்த அண்மைக்காலச் செட்டுகளில் பேண்ட் 28 பெரும்பாலும் உண்டு. பூட்டு நீங்கியிருந்தால், சித்தப்பா கொடுத்துவிட்டுப் போன பழைய செட்டும் இங்கே பி.எஸ்.என்.எல்.லுக்குப் பயன்படலாம். வோல்டி வருமா என்பதை மட்டும் சிம் போட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தவணைக்குள் ஒளிந்திருக்கும் பூட்டு

இன்றைய பூட்டில் புது வகை, கடனோடு வருவது. ஆறாயிரம், எட்டாயிரம் ரூபாய்ப் போனையும் தவணையில் வாங்குகிறார்கள். கடன் கொடுப்பவர்களில் சிலர் செட்டில் ஒரு செயலியைப் போட்டுவைக்கிறார்கள். தவணை தவறினால் அது திரையை முடக்கிவிடும். வேலைக்குக் கூப்பிடும் போனே முடங்கினால் தவணை கட்டும் பணம் எங்கிருந்து வரும்? இன்னொரு ஆபத்து, தவணை முடியாத செட்டை யாராவது விற்றுவிட்டால், வாங்கியவர் கையில் அது ஒருநாள் கல்லாகிவிடும்.

ஆகவே சண்டே மார்க்கெட்டிலோ தெரிந்தவரிடமோ பழைய செட் வாங்குகிறவர்கள் விலைக்கு முன் சில காரியங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டு அங்கேயே ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். *#06# அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் செட்டின் விவரம் வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை அவர் முன்னிலையிலேயே நீக்கச் சொல்லுங்கள். பில் இருக்கிறதா, தவணை முடிந்ததா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒழுங்கான கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

புதிதாக வாங்குவதானால், பேசவும் குறுஞ்செய்தி பார்க்கவும் மட்டும் தேவைப்படும் பெரியவர்களுக்கு எந்த சிம்மும் ஏறும் பட்டன் போன் போதும். இரண்டாயிரம் ரூபாய் சுற்றளவில் 4ஜி உள்ளதே கிடைக்கிறது. ஐந்நூறு ரூபாய் குறைகிறதே என்று ஒரே நிறுவனத்துக்குப் பூட்டியதை வாங்கினால், அடுத்த கட்டண உயர்வில் அந்த ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

போன் ஏன் உரிமையாகிறது

புதுச்சேரியில் இது சொகுசைப் பற்றிய பேச்சாக இருந்த காலம் போய்விட்டது. இங்கே ரேஷன் அரிசிக்குப் பதில் பல ஆண்டுகள் வங்கிக்கணக்கில் பணம் போட்டார்கள். ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன. அந்த ஆண்டுகளில் அரிசிப் பணம் வந்ததா இல்லையா என்பதை வீட்டுப் பெண்களுக்குச் சொன்னது போனில் வந்த ஒரு குறுஞ்செய்தி. முதியோர் உதவித்தொகை, குடும்பத் தலைவிக்கான உதவி, எரிவாயு பதிவு, ஆதார் ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணைத்தான் தேடி வருகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும். எண் போனால் அரசோடும் வங்கியோடும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

டேட்டா தேவைப்படாதவருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அது சரியான திசை. அதே திசையில் இன்னொரு அடி வைக்க வேண்டும். கனடா 2017 டிசம்பர் முதலும் பிரிட்டன் 2021 டிசம்பர் முதலும், நிறுவனங்கள் பூட்டிய போன் விற்பதையே தடை செய்துவிட்டன. பூட்டிய செட் அதிகம் விற்ற நாடுகளே அதை விட்டுவிட்டபோது, செட்டைச் சுதந்திரமாக வாங்கிப் பழகிய நம் நாட்டில், அதுவும் மிக ஏழை வாடிக்கையாளரின் கையில் மட்டும், அந்தப் பூட்டு இருப்பதற்கு நியாயம் இல்லை. மானிய விலையில் கொடுத்த போனாக இருந்தாலும் ஓர் ஆண்டு கழிந்ததும் கேட்காமலேயே திறந்துவிட வேண்டும் என்று டிராய் ஆணையிடலாம். கடனுக்காகப் போனை முடக்குகிறவர்கள் அழைப்பையும் அவசர எண்களையும் ஓ.டி.பி. செய்தியையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லலாம். பட்டன் போன்களுக்கு வரியைக் குறைக்கும்படி ஜி.எஸ்.டி. மன்றத்தில் புதுச்சேரி அரசு கேட்கலாம். அங்கே அதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது, வாங்கும்போது கேட்கும் ஒரு கேள்விதான். அடுத்த முறை அம்மாவுக்கோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ போன் வாங்கப் போகும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், "இதில் எல்லா சிம்மும் ஏறுமா?" என்று கேளுங்கள். ஏறாது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தப் போனை வாங்காதீர்கள்.